மிளகு தட்டிய ஜாடி

பெருமதிப்புக்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் தம்பி மனைவி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தம்பி, நான், மிளகு மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் அண்ணாவும் பிள்ளைகளும் மாடியில் இருப்பவர்களும் கீழே இருப்பவர்களுமாக ஒன்பது பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். தங்கள் முழங்கால் வலிக்குப் புதுத் தைலம் கேட்கிறதா என்று உங்கள் தம்பி விசாரிக்கச் சொன்னார். உண்மையில் அவர் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும் என்பதால் நானே சேர்த்துக்கொண்டேன்.

போன மாதம் நீங்கள் எழுதிய கடிதத்துக்குப் பத்து நாளில் பதில் கேட்டிருந்தீர்கள். இன்றோடு முப்பத்தோரு நாள். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் போனில் சொல்லாமல் தாளில் எழுதியபோதே விஷயம் கனமானது என்று புரிந்துவிட்டது. நானும் போனில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைப்பீர்கள். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ஒன்பது பேரும் எனக்கு யோசனை சொல்லி முடித்து, சாப்பிடவும் போயிருப்பார்கள். தாளில் என்றால் யாரும் குறுக்கே வர முடியாது. மிளகு மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். அவள் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று ஒவ்வொரு பத்தி முடிந்ததும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். ஆகையால் நடுநடுவே கோர்வை விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு வருகிறது.

உங்கள் கடிதத்தை நான் நாற்பது தடவையாவது படித்திருப்பேன். "மிளகுக்கு மூன்று வயது நிறையப்போகிறது, இன்னும் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, உன் வீட்டில் ஆள் அரவமே கிடையாது, படித்தவள் நீ ஒரு மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் குழந்தைக்கு எங்கிருந்து பேச்சு வரும், ஒரு வருஷம் என்னிடம் விடு, பேச வைத்துத் திருப்பித் தருகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். ரிப்பேருக்குக் கொடுத்த தையல் மிஷினைப் பற்றி எழுதுவது போல இருந்தது, ஆனால் நீங்கள் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் அதைத் தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இந்த வீட்டில் உங்களைப் பற்றி ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன். உங்கள் தம்பி கடிதத்தைப் படித்துவிட்டு, "அக்கா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்" என்றார். நான் அப்போது எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன் அண்ணி. எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. குழந்தையிடம் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் வாங்கிய மூன்று புத்தகங்களிலும் போட்டிருந்தது. நான் காலையில் கண் விழித்ததிலிருந்து பேசுகிறேன். "இப்போ அம்மா தண்ணி ஊத்தறேன், இப்போ அம்மா துணிய மடிக்கிறேன், இது அப்பாவோட சட்டை, இதுல ஒரு பட்டன காணோம், பட்டன் எங்க போச்சு, நீ முழுங்கிட்டியா, வாயத் திற பாப்போம்" என்று கிரிக்கெட் வர்ணனை போல ஓடிக்கொண்டே இருக்கும். மிளகு என் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், யாரோ அணைக்க மறந்துவிட்டுப் போன ரேடியோவைப் பார்ப்பது போல. காது டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்று மணி அடித்துப் பார்த்தார், அவள் திரும்பினாள். "காதுல ஒண்ணும் இல்ல, பேசற அன்னிக்குப் பேசுவா" என்றார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்டதற்கு அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

இந்த நிலையில்தான் உங்கள் தம்பிக்கு மண்பாண்டம் செய்கிற ஒரு ஊரின் கலைக்கூடத்தில் ஆறு நாள் வேலை வந்தது. புதுக் கண்காட்சி திறக்கப்போகிறார்கள், ஒவ்வொரு பொருளுக்கும் எங்கிருந்து எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று பார்த்து விளக்கு மாட்டித்தர வேண்டும். "நீயும் வா, உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றார். ஆறு நாள் யோசித்து, பதிலை எழுதி, அங்கிருந்தே தபாலில் போட்டுவிடலாம் என்று தாளும் உறையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். மருந்துப் பை, மாற்றுத் துணிப் பை, மருந்துப் பை தொலைந்தால் என்ன செய்வது என்று எடுத்துக்கொண்ட இரண்டாவது மருந்துப் பை எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. தாளும் உறையும் இருந்த பை பஸ்ஸிலேயே போய்விட்டது.

அந்த ஊரை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு காலத்தில் கோட்டையாக இருந்த மதில் இன்னும் பாதி நிற்கிறது, மீதிப் பாதியைப் பெயர்த்துத்தான் எல்லா வீடுகளும் கட்டியிருப்பார்கள் போல, சமையல்கட்டுச் சுவரில்கூட ஒரு வளைவின் கால்வாசி தெரிகிறது. சந்துகளில் உடைந்த பானை ஓடுகளைத் தரையில் பதித்திருக்கிறார்கள். நடந்தால் காலடியில் நீலமும் பச்சையும் மினுங்குகின்றன, தண்ணீருக்கு மேலே நடப்பது போலவே இருக்கும், நான் இரண்டு தடவை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். காற்றில் எந்நேரமும் மாவு போல மண்தூள். மரத்து இலை, சைக்கிள் சீட், தூங்குகிற நாய் எல்லாவற்றின் மேலும் அது படிந்திருக்கிறது. சாயங்காலம் ஆனால் சூளைகளின் புகை நேராக மேலே போய், ஊருக்கு மேல் கூரை போல நின்றுவிடும். அந்தப் புகை குழந்தைகளுக்கு ஆகுமா என்று எதிர்ப்பட்ட நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் "நாங்களும் குழந்தையா இருந்தவங்கதானே" என்றார்கள்.

கண்காட்சிக்கு வந்தவர்களால் விடுதியெல்லாம் நிறைந்துவிட்டதால் ஒரு மண்பாண்டப் பட்டறையின் மாடியில் எங்களுக்கு அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் கீழே முற்றம், முற்றம் முழுக்கக் காய்கிற ஜாடிகள், எல்லா ஜாடிகளும் வாயைத் திறந்துகொண்டு என்னையே அண்ணாந்து பார்த்தன. முதல் நாள் காலை மிளகைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, வழக்கம்போல, "இது ஜாடி, இது பெரிய ஜாடி, இது சின்ன ஜாடி, இதுக்கு மூடி இல்ல, மூடி எங்க" என்று தொடங்கினேன். முற்றத்தில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட வேலை செய்யவில்லை. சக்கரம் நின்றிருந்தது. ஒருவர் தலையில் பலகையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். நடுவில், என் வயதுதான் இருக்கும், மூக்கு நுனியில் மண் ஒட்டியிருந்த ஒரு பெண், ஒரு ஜாடியை விரல்களில் தொங்கவிட்டுப் பிடித்தபடி, "யாரும்மா அது, கொஞ்சம் வாய மூடுங்க, கேக்கணும்" என்றாள்.

அவளைப் பட்டறையில் எல்லாரும் காதக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளைவிட மூத்தவர்களும்கூட. சூளையிலிருந்து எடுத்த ஒவ்வொன்றையும் அவள் தட்டிப் பார்க்க வேண்டும். நடுவிரல் முட்டியால் ஒரே தட்டு. நல்லதாக இருந்தால் ணங் என்று கிளம்பி, அந்தச் சத்தம் எங்கேயோ வெகு தூரம் போய் மெல்ல அடங்கும். அது முழுக்க அடங்கும் வரை கேட்டுவிட்டு, "ம்" என்று வலப்பக்கம் வைப்பாள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் டொக் என்று அங்கேயே நின்றுவிடும். "போச்சு" என்று இடப்பக்கம் வைப்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. காலையில் ஒரு மணி நேரம் இது நடக்கும். அந்த ஒரு மணி நேரம் பட்டறையில் ரேடியோ இல்லை, சக்கரம் இல்லை, தும்மல் வந்தால்கூட வாசலுக்குப் போய்த்தான் தும்ம வேண்டும்.

அண்ணி, நான் முதல் நாள் இரண்டு தடவையும் மறுநாள் ஒரு தடவையும் திட்டு வாங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா, உங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. முதலில் மருந்துப் பையின் ஞாபகம் வந்தது, அப்புறம் கேஸை மூடினேனா என்ற கவலை, அப்புறம் உங்கள் கடிதம் வரிவரியாக. அதற்கப்புறம் ஒன்றுமே வரவில்லை. ணங், ம். ணங், ம். டொக், போச்சு. வெயில் ஜாடிகளின் கழுத்தில் ஏறி இறங்கியது. விழித்துக்கொண்டே தூங்குவது போல இருந்தது, மூன்று வருஷத்தில் நான் தூங்கிய ஒரே தூக்கம் அதுதான் என்றும் சொல்லலாம். மிளகு என் மடியை விட்டு இறங்கி, காதக்காவின் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு, அவள் காதைச் சாய்க்கும்போது தானும் சாய்த்தாள். மண்ணை வாயில் போடுகிறாளா என்று பார்க்கக்கூட நான் மறந்துவிட்டேன். இதை நீங்கள் குற்றமாக நினைத்தால் ஒப்புக்கொள்கிறேன்.

நான்காம் நாள் மிளகு தட்டத் தொடங்கினாள். படிக்கட்டைத் தட்டினாள். என் சாப்பாட்டுத் தட்டைத் தட்டினாள். பட்டறைக்காரரின் வழுக்கையைத் தட்டி, காதை வைத்து வெகு நேரம் கேட்டாள், அந்த மனுஷனும் "என்னம்மா, தேறுமா" என்று குனிந்தபடியே நின்றார். வாயைத்தான் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள்தான் விவகாரம். மறுநாள் திறப்பு. உங்கள் தம்பி சாப்பாட்டை அறையிலேயே மறந்துவிட்டார், கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மிளகைத் தூக்கிக்கொண்டு கலைக்கூடத்துக்குப் போனேன். பழைய தானியக் கிடங்காம் அது, உள்ளே எல்லாம் வெள்ளை, நம் பேச்சு நமக்கே கொஞ்சம் தாமதமாகத் திரும்பிவருகிறது. ஒரு அறையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது, குழாய் இல்லை, தண்ணீரும் இல்லை. இன்னொன்றில் சுவர் அகலத்துக்கு ஒரே நீலம். அதன் முன்னால் நின்றபோது யாரோ என் நெற்றியில் ஈரத்துணி போட்டது போலிருந்தது. எது கலை, எது சாமான் என்று எனக்குப் பிடிபடாததால், தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் காவலாளி பொறுக்க மாட்டாமல் வந்து, "உக்காருங்கம்மா, அது வெறும் பெஞ்சுதான்" என்றார்.

நடு அறையில் ஒரு ஜாடி. ஆள் உயரம், நாலு பேர் சேர்ந்து கட்டிப் பிடிக்கலாம். பக்கத்து அட்டையில் "பெயரிடப்படாதது. மண், நெருப்பு, காலம்" என்று போட்டிருந்தது. ஏணி மேல் இருந்த உங்கள் தம்பியிடம், "மண்ணு சரி, நெருப்பு சரி, காலம் எப்படி வந்துச்சு" என்று கேட்டேன். "லாரில" என்றார். அதைச் செய்த கலைஞர் பெரிய பேர் வாங்கியவராம், நம் பட்டறையின் பெரிய சூளையில்தான் சுட்டாராம். ஆனால் காதக்காவை மட்டும் தட்ட விடவில்லையாம், கலையைத் தட்டிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். இதை அவர் ஏணியில் இருந்தபடி சொல்லச் சொல்ல, நான் அண்ணாந்து கேட்கக் கேட்க, தோளில் இருந்தவள் எப்போது விழித்தாள், எப்போது இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. டொக் என்று ஒரு சத்தம்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் மிளகு நின்றிருந்தாள். காதை ஜாடியில் வைத்திருந்தாள். நான் கூப்பிட வாயைத் திறந்தேன், ஆனால் கேட்கிற நேரத்தில் பேசக் கூடாது என்று மூன்று நாளாகப் பழகியிருந்ததால் வாய் தானாக மூடிக்கொண்டது. காவலாளி ஓடி வருகிறார், உங்கள் தம்பி ஏணியில் பாதியில் நிற்கிறார், கூடத்துப் பொறுப்பாளர் அம்மா கையிலிருந்த காகிதங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்குகின்றன. மிளகு நிதானமாகக் காதை எடுத்து, எங்களைப் பார்த்து, "போச்சு" என்றாள்.

அண்ணி, என் பெண் பேசினாள். ஊரில் எல்லாக் குழந்தைகளும் அம்மா, அத்தை, நிலா என்று தொடங்கும்போது இவள் இப்படித் தொடங்கினாளே என்று நீங்கள் வருத்தப்படுவீர்கள். எனக்கு அந்த வருத்தம் துளிகூட இல்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுததைப் பார்த்து, குழந்தை ஜாடியை உடைத்துவிட்டது, தாய் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள். "என்னம்மா செஞ்சுட்டீங்க" என்று பொறுப்பாளர் அம்மா கேட்க, "பேசிட்டா" என்றேன். "ஜாடி என்னாச்சு" என்றார். "அவ பேசிட்டா" என்றேன். உங்கள் தம்பிக்கு இந்த வேலையோடு இனி எந்தக் கூடத்திலும் வேலை கிடையாது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, "திரும்பச் சொல்லு கண்ணு" என்று மிளகிடம் கெஞ்சினார். அவள் பிடிவாதமாக இன்னொரு தடவை தட்டினாள். காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

காதக்காவைக் கூட்டிவர ஆள் போனது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கலைஞரும் வந்துவிட்டார், ஒல்லியாக, கண்ணாடி போட்ட, தூங்காத கண்கள் உள்ள மனிதர், நான் கண்ணாடியில் தினம் பார்க்கிற கண்கள் அவை. காதக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டுங்கள் என்பது போல அவர் தலையை ஆட்டினார். மூன்று இடத்தில் தட்டினாள், மூன்றுக்கும் காதைக் கொடுத்தாள். பிறகு இடப்பக்கம் நகர்த்த முடியாத ஜாடியாகப் போய்விட்டதே என்பது போல அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "போச்சுங்க. இன்னிக்கு ஆனதில்ல. சூளையிலயே ஆனது" என்றாள்.

"தெரியும். எடுத்த அன்னிக்கே கேட்டுச்சு. அதனாலதான் உங்கள தட்ட விடல" என்றார் அவர்.

"சொல்லியிருக்கலாமே" என்றாள் காதக்கா.

"சொன்னா உண்மையாயிடுமே" என்றார். அவர் குரல் எனக்கு ரொம்பத் தெரிந்த குரலாக இருந்தது.

இனி என்ன செய்வது, நாளை திறப்பாயிற்றே என்று பொறுப்பாளர் அம்மா விசும்பத் தொடங்கியபோது உங்கள் தம்பி ஒரு காரியம் செய்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இந்த ஐந்து வருஷத்தில் அவர் யாரையும் கேட்காமல் செய்த ஒரே காரியம். எல்லா விளக்கையும் அணைத்தார். வயரில் ஒரு சின்ன பல்பைக் கட்டி, ஏணியில் ஏறி, ஜாடியின் வாய் வழியாக உள்ளே இறக்கினார். இருட்டில் ஜாடியே தெரியவில்லை. அது இருந்த இடத்தில், விளிம்பிலிருந்து இடுப்பு வரை, முடியளவு மெல்லிசாக ஒரு வெளிச்சக் கோடு மட்டும் நின்றது. ஆறு போல வளைந்து, ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. யாருமே பேசவில்லை, நான் உள்பட. அப்போது என் முழங்கால் பக்கத்திலிருந்து, வெகு தூரம் போன ஒரு சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தது போல, "ம்" என்றாள் மிளகு.

ஜாடி அங்கேயேதான் இருக்கிறது, பல்போடு. அட்டையில் கீறலையும் சேர்க்கலாமா என்று பொறுப்பாளர் அம்மா கேட்டதற்குக் கலைஞர், "காலத்த எடுத்துட்டு அதப் போடுங்க" என்றாராம். உங்கள் தம்பிக்கு அடுத்த மாதமும் வேலை சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே அண்ணி, என் பதில் இதுதான். மிளகை நான் அனுப்பவில்லை. அவளுக்கு இரண்டு சொல் வந்துவிட்டது. "ம்" என்பது சொல்லில் சேராது என்று உங்கள் தம்பி சொல்கிறார், பட்டறை முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் பிழைக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒன்பது பேர் பேச்சு தேவைப்படவில்லை. ஒருத்தி பேச்சு கொஞ்சம் குறைய வேண்டியிருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் நீங்கள் உரிமையோடு கேட்டதற்கு நானும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவள் இங்கேயே இருக்கட்டும். இந்த வீடு இப்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நீங்கள் வந்தால்தான் தெரியும். என் முடிவில் மாற்றமில்லை.

அண்ணாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளின் கன்னத்தில் ஆளுக்கொன்று என் சார்பில் கிள்ளவும், வலிக்காமல். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் என் விசாரிப்பு. உங்கள் முழங்கால் படிக்கட்டை மறந்து ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புத் தம்பி மனைவி,
மிளகின் அம்மா.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி உங்கள் தம்பியிடம் கொடுத்து எட்டு நாள் ஆகிறது. இன்று அவருடைய ஸ்க்ரூடிரைவர் பைக்குள் இருந்து எடுத்தேன். ஒருவகையில் நல்லதாயிற்று. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை மிளகு வாயைத் திறந்தாள், இன்னும் மூடவில்லை. ஒவ்வொரு சொல்லாக இல்லை, முழு முழு வாக்கியமாக, மூன்று வருஷமாக எங்கேயோ அடுக்கி வைத்திருந்தது போல வருகிறது. அத்தனையும் என் வாக்கியங்கள். வீட்டுக்காரம்மாவிடம், "நீங்க கதவச் சாத்தினா எங்க வீட்டுப் பாத்திரம் விழுது, மனுஷங்களா இவங்க" என்று என் குரலிலேயே சொன்னாள். தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "அத்தை வருவா, என்னைத் தூக்கிட்டுப் போயிடுவா, கதவத் தாழ்ப்பாள் போடு" என்கிறாள். அது யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் நினைத்தேன். தையல் மிஷின் விஷயத்தையும் சொல்கிறாள். நேரில் கேட்டால் குழந்தை பேச்சு என்று விட்டுவிடுங்கள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுங்கள் அண்ணி. பத்து நாளைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், என் காது கொஞ்சம் ஆறட்டும். பத்து வேண்டாம், ஐந்து. ஐந்து நாள் நான் மூச்சைப் பார்க்காமல் எப்படி இருப்பது, நீங்களே இங்கே வந்து ஐந்து நாள் இருந்துவிடுங்கள், ஒன்பது பேரும் வந்தாலும் சரி. ஒன்று மட்டும். வந்ததும் உங்களைக் குனியச் சொல்லித் தலையைத் தட்டுவாள். அப்போது தயவுசெய்து பேசாதீர்கள். உங்கள் தம்பிக்கு முதல் தட்டிலேயே "ம்" கிடைத்துவிட்டது. என் தலையை இதுவரை பதினோரு தடவை தட்டிவிட்டாள், ஒவ்வொரு தடவையும் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள், தீர்ப்பு மட்டும் வரவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.